செயின்சாவை வீட்டில் பிரித்துப் பூட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செயின்சா எஞ்சினைப் பிரித்துப் புது சிலிண்டர் கிட் (சிலிண்டர், பிஸ்டன், ரிங்) மாட்டுவது அரை நாள் வேலை. பழைய கிட் ஏன் போனது என்று தேடுவதற்கு மட்டும் பலர் நேரம் ஒதுக்குவதில்லை. ஓடி ஓடித் தேய்ந்து செத்த பிஸ்டன்கள் குறைவு. எங்கோ காற்று புகுந்திருக்கும், பெட்ரோல் குறைந்திருக்கும், அல்லது ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கும். அந்த ஓட்டையை அடைக்காமல் புது கிட்டைப் பூட்டினால் இரண்டாவது டேங்க் பெட்ரோலுக்குள் அதுவும் போய்விடும். அதனால் கீழே எந்த அறிகுறியில் தொடங்கினாலும், பாகம் வாங்குவதற்கு முன் சோதனை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கைவசம் வேண்டியவை: கம்ப்ரஷன் கேஜ், கையால் அடிக்கும் பிரஷர்-வேக்குவம் பம்ப், ஃபீலர் கேஜ், 1.5 மி.மீ. ஈயக் கம்பி, ஆர்பிஎம் மீட்டர். கை செயின் பக்கம் போகும் எந்த வேலைக்கும் முதலில் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள்.

## கயிற்றை இழுத்துக் கை ஓய்கிறது, எஞ்சின் எழவில்லை

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். அடுத்து எந்தப் பக்கம் போவது என்று அது காட்டும்.

முனை காய்ந்திருந்தால்

பெட்ரோல் மேலே ஏறவில்லை. கார்ப்பரேட்டர் வாயில் ஐந்தாறு சொட்டுப் பெட்ரோல் கலவையை விட்டு இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் இருக்கின்றன, குறை பெட்ரோல் வரும் வழியில்தான்.

முதலில் டேங்க் ஃபில்டர். வளைந்த கம்பியால் வெளியே இழுத்து, கறுத்திருந்தால் மாற்றுங்கள். அடுத்து பெட்ரோல் குழாய். டேங்க் சுவரைத் தாண்டும் இடத்தில்தான் அது வெடிக்கும். நேராக வைத்துப் பார்த்தால் தெரியாது, வளைத்துப் பார்த்தால் வாய் திறக்கும். மூன்றாவது, கார்ப்பரேட்டர் டயஃப்ரம். கவரைக் கழற்றி விரல் நுனியால் அமுக்கினால் துணிபோல் துவள வேண்டும். காய்ந்த பாலித்தீன் தாள்போல் படபடவென்று சத்தமிட்டால் எத்தனால் கலந்த பெட்ரோல் அதை விறைக்க வைத்துவிட்டது. டயஃப்ரம் கிட் மாற்றத்தான் வேண்டும். நீடில் வால்வை (பெட்ரோல் வரும் துளையை அடைக்கும் ஊசி) அசைக்கும் லீவர் பக்கத்தில் முதலில் பேக்கிங், அதன்மேல் டயஃப்ரம். பம்ப் பக்கத்து வரிசை கார்ப்பரேட்டருக்குக் கார்ப்பரேட்டர் மாறும் என்பதால் பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். நான்காவது, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் அழுத்தத்தைப் பெட்ரோல் பம்புக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் குழாய். அது கழன்றிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ பம்ப் அசையவே அசையாது.

முனை நனைந்திருந்தால்

பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. சோக்கை விடுவித்து, ட்ரிகரை முழுதாக அமுக்கி, பிளக் துளை கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பத்து முறை இழுங்கள். காய்ந்த பிளக்கைப் போட்டு முயலுங்கள். மறுபடி மறுபடி நனைந்தால் நீடில் வால்வு மூடவில்லை. பெட்ரோல் வரும் முனையில் பம்பை மாட்டி 0.5 பார் அழுத்தம் கொடுங்கள். முள் இறங்கினால் நீடிலில் அழுக்கு, இல்லையென்றால் லீவர் அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வால்ப்ரோ, ஜாமா கம்பெனிகளின் கார்ப்பரேட்டர்களுக்கு லீவர் உயரக் கேஜ் தனித்தனி. கண் மதிப்பில் வளைத்த லீவர்தான் புது கிட் போட்ட கார்ப்பரேட்டர்களில் அதிகம் தொல்லை தருகிறது.

ஸ்பார்க்கே இல்லையென்றால்

புது பிளக், 0.5 மி.மீ. இடைவெளி. அதை சிலிண்டரின் உலோகத்தில் தொட்டு வைத்து இழுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி வரவில்லையென்றால் காயிலிலிருந்து ஆஃப் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. அப்போதும் இல்லையென்றால் காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்று சரியான கனம். இத்தனையும் சரியென்றால்தான் காயில்.

பெட்ரோலும் ஸ்பார்க்கும் இருந்தும் எழவில்லையென்றால்

கம்ப்ரஷன் பாருங்கள். ட்ரிகரை முழுதாக அமுக்கி, டீகம்ப்ரஷன் வால்வை (இழுப்பதை எளிதாக்க அழுத்தத்தை வெளியேவிடும் வால்வு) மூடி, முள் ஏறுவது நிற்கும்வரை இழுங்கள். 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் நல்ல ஆரோக்கியம். 110-க்குக் கீழே என்றால் சந்தேகப்படலாம். கார் எஞ்சினுக்கான நீளக் குழாய் கேஜ் செயின்சாவில் குறைத்துக் காட்டும். சிறிய சிலிண்டருக்கு அந்தக் குழாயின் உள்ளிடமே பெரிய இடம். ஒருவழி வால்வு பிளக் துளைப் பக்கத்து முனையிலேயே உள்ள கேஜ்தான் பயன்படும். நல்ல எஞ்சினைக் கேஜை நம்பிப் பிரித்துப்போட்டவர்கள் உண்டு.

குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) உள்ளே விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் டீகம்ப்ரஷன் வால்வு கசிகிறதா பாருங்கள். எப்படியும் சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்துவிடுங்கள். இரண்டு போல்ட் வேலை.

ஸ்பார்க், பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் சரி, ஆனால் வெடித்து வெடித்து அடங்குகிறதென்றால் ஃபிளைவீலைக் கழற்றி, அதைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சாவியைப் பாருங்கள். நட்டைச் சரியாக இறுக்காத ஃபிளைவீல் நழுவி, சாவி வெட்டுப்பட்டு, டைமிங் மாறியிருக்கும்.

## ஐட்லிங் ஏறி இறங்குகிறது, ட்ரிகரை விட்டாலும் ரேஸ் இறங்க மறுக்கிறது

இதை மட்டும் ஸ்க்ரூவைத் திருகிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கார்ப்பரேட்டருக்குப் பின்னால் எங்கிருந்தோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது என்பதற்கு இதுதான் முதல் எச்சரிக்கை. பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது, எனவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அந்த நிலையில் முழு ரேஸில் பத்து நிமிடம் அறுத்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

செலவில்லாதது முதலில்: கார்ப்பரேட்டர் நட்டுகள், இன்டேக் பூட்டின் (கார்ப்பரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய்) கிளாம்ப், சிலிண்டரின் நாலு போல்ட். இவை தளர்ந்திருந்தால் இறுக்கிப் பாருங்கள்.

பிறகு ஐட்லிங்கில் ஓடும்போது செயின்சாவை இடம், வலம், மூக்குக் கீழாக என்று சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் ரேஸ் பாய்ந்தால் அந்தப் பக்கத்து கிராங்க் பேரிங்கிலோ ஆயில் சீலிலோ சந்தேகம் வையுங்கள். எஞ்சினை நிறுத்தி ஃபிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது, புது சீல் போட்டாலும் நிற்காது.

எதுவும் புலப்படவில்லையென்றால் பிரஷர் டெஸ்ட். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளைமேல் ரப்பர் துண்டு வைத்து, சைலன்சரையே மேலே பூட்டி இறுக்குங்கள். இன்டேக் பூட்டின் வாயை ரப்பர் தாளும் தகடும் வைத்துக் கார்ப்பரேட்டர் நட்டுகளால் அடையுங்கள். பூட்டைக் கழற்றிவிட்டு சிலிண்டர் துளையை அடைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. அதிகம் கிழிவது அந்தப் பூட்தான், அதையே சோதனைக்கு வெளியே விட்டால் என்ன பயன்? இம்பல்ஸ் குழாய் வழியாக 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ அடியுங்கள். 20 நொடி முள் அசையக் கூடாது. இறங்கினால் சீல்கள், சிலிண்டர் அடி, பூட், டீகம்ப்ரஷன் வால்வு எல்லாவற்றிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி ஒரு முறை, கீழ் முனையில் நிறுத்தி ஒரு முறை செய்ய வேண்டும். இன்டேக் துளையைப் பிஸ்டனே திறந்து மூடும் மாடல்களில், பிஸ்டன் கீழே நின்றால் பூட் மறைந்துவிடும்.

பிரஷரில் தேறிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். சீலின் உதடு உள்ளே பார்த்து வளைந்திருப்பது, உள்ளழுத்தம் அதை ஷாஃப்டோடு ஒட்டவைத்துக் காப்பாற்றிவிடும். உறிஞ்சும்போதுதான் விறைத்த உதடு விலகும். அதே 0.5 பார் அளவுக்கு வேக்குவம் இழுத்து 20 நொடி பாருங்கள். லேசாகத் தளரலாம், 0.3-க்கும் கீழே விழக் கூடாது. பிரஷரில் தேறி வேக்குவத்தில் தோற்கும் சீல்கள் பழைய செயின்சாக்களில் சர்வசாதாரணம்.

சீல், இன்டேக் பூட், இம்பல்ஸ் குழாய் மூன்றையும் ஒரிஜினலாகவே வாங்குங்கள். மலிவு ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், சில மாதத்தில் இதே பக்கத்துக்குத் திரும்பி வருவீர்கள். மேல் கவர், ஸ்டார்ட்டர் கவர், ஏர் ஃபில்டர் மூடி, கைப்பிடி போன்றவற்றில் மாற்றுப் பாகம் தாராளமாகப் போடலாம்.

சீலை மாற்ற கேஸைப் பிளக்க வேண்டியதில்லை. பேரிங் மாற்றத்தான் பிளக்க வேண்டும். கேஸைப் பிளந்து, சூடாக்கிப் பேரிங் ஏற்றி, கிராங்க்கை நடுவில் நிறுத்தும் கருவிகள் இல்லையென்றால் அங்கே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தியலால் தட்டிய கிராங்க் வளைந்து வரும்.

## புது கிட் போட்டும் பிஸ்டன் மறுபடி கவ்விவிட்டது

கெட்ட பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள், என்ன நடந்தது என்று அதன்மேல் எழுதியிருக்கும்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல். கலவையில் பெட்ரோல் குறைந்து (லீன்) சூடு ஏறியிருக்கிறது. மேலே சொன்ன பிரஷர், வேக்குவம் டெஸ்ட் இரண்டையும் செய்யாமல் அடுத்த கிட்டைத் தொடாதீர்கள். ஓட்டை இல்லையென்றால் ஹெச் ஸ்க்ரூவை (கார்ப்பரேட்டரில் முழு ரேஸுக்கான பெட்ரோல் அளவைத் திருத்துவது) அதிகம் மூடியிருப்பார்கள், அல்லது ஆயில் கலக்காத பெட்ரோல். பெட்ரோல்-ஆயில் விகிதம் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 40:1 என்றால் 25 மில்லி.

இன்டேக் பக்கம் மங்கலான தேய்மானம். தூசி. ஏர் ஃபில்டர் புதிதாக இருந்தாலும் விளிம்பு சரியாக உட்காராவிட்டால் இப்படித்தான். விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டி, ஓட்டிவிட்டுக் கழற்றினால் தூசி புகுந்த தடம் கிரீஸில் தெரியும்.

சுற்றிலும் நாலு இடத்தில் கோடுகள். சூடாகாத எஞ்சினுக்கு முழு ரேஸ் கொடுத்திருக்கிறார்கள், அல்லது பிஸ்டன் இந்த சிலிண்டருக்கு இறுக்கம்.

பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) உயரத்தில் ஒரே ஒரு ஆழமான பள்ளம். பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் கழன்று சிலிண்டரைக் கீறியிருக்கிறது. மாற்றுக் கிட்களோடு வரும் சர்க்ளிப்பையும் சின்ன நீடில் பேரிங்கையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரிஜினல் வாங்கிப் போடுங்கள். கிட் முழுதிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய சேதத்தைத் தடுக்கும் பாகம் இதுதான். வாய் மேலேயோ கீழேயோ பார்க்கும்படி மாட்டுங்கள். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் வேகத்தில் கம்பி சுருங்கி வெளியே வரும்.

ரிங் உடைந்து, எக்ஸாஸ்ட் துளை விளிம்பில் தட்டிய அடையாளம். மாற்று சிலிண்டர்களுக்கே உரிய நோய். துளை விளிம்பு சரிவு கொடுக்கப்படாமல் கத்திபோல் இருக்கும், ரிங் அதில் மாட்டும். பூட்டுவதற்கு முன் சுட்டுவிரலை உள்ளே விட்டு ஒவ்வொரு துளை விளிம்பையும் தடவுங்கள். நகம் மாட்டினால் ரிங்கும் மாட்டும். வைரத்தூள் பூசிய சிறு அரத்தால் லேசாகச் சரிவு கொடுங்கள். அரம் சிலிண்டருக்குள்ளிருந்து துளைப் பக்கம் மட்டுமே போக வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் நிக்கல் பூச்சு உரிந்து எழும்பும். முடித்ததும் சோப்பு நீரில் கழுவி, காற்றடித்து, எண்ணெய் தடவுங்கள்.

பூட்டும்போது ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை அளங்கள். 25 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. என்பது குறைந்தபட்சக் கணக்கு. ஸ்டில் எம்எஸ் 440, ஹஸ்க்வர்னா 372 போன்ற 50 மி.மீ. சிலிண்டருக்கு 0.2 மி.மீ. அதைவிடக் குறைந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் உடையும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் வாய் பள்ளத்திலுள்ள குச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். போல்ட்களைக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். 5 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்.

பழைய ஒரிஜினல் சிலிண்டரைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. கீறல்போல் தெரிவது பல சமயம் பிஸ்டனின் அலுமினியம் பூச்சுமேல் அப்பியதுதான். கையுறை, கண்ணாடி போட்டு, திறந்த வெளியில், பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் தடவுங்கள். நுரை வந்தால் அலுமினியம் கரைகிறது. நுரை நின்றதும் தண்ணீரிலும் சோடா உப்புக் கரைசலிலும் கழுவுங்கள். துளை விளிம்பில் பட்டால் சிலிண்டரின் சொந்த அலுமினியத்தையே அரித்துவிடும். கழுவிய பின்னும் நகம் மாட்டினாலோ பூச்சு உரிந்திருந்தாலோ சிலிண்டர் போனதுதான். தேறினால் மீட்டியார் பிஸ்டன், கேபர் ரிங் மாதிரித் தரமான மாற்றுப் பாகத்தோடு அதையே பூட்டுங்கள். நல்ல பழைய சிலிண்டரும் புதுப் பிஸ்டனும் பெரும்பாலும் மலிவான முழுக் கிட்டைவிட நீண்டு உழைக்கும்.

ட்யூனிங்கில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சூடாக்கியபின் முழு ரேஸில், சுமையில்லாமல், சத்தம் லேசாகத் திக்கிப் "பர்ர்ர்" என்று வர வேண்டும். மரத்தில் அழுத்தியதும் அது தெளிய வேண்டும். இதுவே சரியான ஹெச் நிலை. ஆனால் வேகக் கட்டுப்பாடு உள்ள காயில் பொருத்திய மாடல்களில் உச்ச வேகத்தை எட்டியதும் காயிலே ஸ்பார்க்கை விட்டுவிட்டுக் கொடுக்கும், சத்தம் அதே திக்கல்போல் கேட்கும். அதைப் பெட்ரோல் அதிகம் (ரிச்) என்று நினைத்து ஹெச்-ஐ மூடிக்கொண்டே போனால் பிஸ்டன் போய்விடும். இத்தகைய காயிலில் முதலில் ஹெச்-ஐ நன்றாகத் திறந்து, கட்டுப்பாட்டு வேகத்துக்குக் கீழேயே திக்கும்படி வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மூடி வாருங்கள். பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின், கிளட்ச் கவர் பூட்டாமல் முழு ரேஸ் கொடுக்கக் கூடாது.

## மாற்றம் செய்த பிறகு தொல்லை

சைலன்சர் வாயைப் பெரிதாக்கியபின் சூடு, சக்திக் குறைவு. புகை வேகமாக வெளியேறினால் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். ஹெச்-ஐ எட்டில் ஒரு சுற்றிலிருந்து கால் சுற்று வரை திறந்து, மறுபடி ட்யூன் செய்யுங்கள். திறப்பின் மொத்தப் பரப்பு எக்ஸாஸ்ட் துளையின் பரப்பைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சத்தம் மட்டுமே கூடும். புது வாய் பிளாஸ்டிக்கையோ கையையோ பார்க்கக் கூடாது. பொறி தடுக்கும் வலையைத் திரும்ப மாட்டுங்கள், காய்ந்த சருகில் ஒரு பொறி போதும்.

கம்ப்ரஷனைக் கூட்ட சிலிண்டரின் அடிப் பேக்கிங்கை எடுத்தபின் டக் டக் சத்தம். பிஸ்டன் தலை சிலிண்டரில் முட்டுகிறது. நிறுத்துங்கள். ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியே பிஸ்டன் பின் இருக்கும் திசையில், சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, ஃபிளைவீலைச் சுற்றி நசுக்கி, நசுங்கிய இடத்தின் கனத்தை அளங்கள். எதிர்ப் பக்கமும் அதேபோல். 0.5 மி.மீ. நல்ல அளவு, 0.4-க்குக் கீழே போகாதீர்கள். பேக்கிங்கின் கனமே பெரும்பாலும் 0.5 மி.மீ. பக்கம் இருப்பதால், எடுப்பதற்கு முன்பே 1 மி.மீ. இருந்தால்தான் எடுக்கலாம். சிலிண்டர் இறங்குவதால் எக்ஸாஸ்ட் தாமதமாகத் திறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கம்ப்ரஷன் ஏறியும் உச்ச வேகம் குறைந்தது ஏன் என்ற கேள்விக்கு விடை அதுவே.

கயிறு கையைப் பிடுங்குகிறது. ஃபிளைவீல் சாவியை அராவி டைமிங்கை முன்னே கொண்டுபோனது அளவு மீறிவிட்டது. பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், விரல் எலும்பு முறியும்.

## சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

நின்றவுடனே டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே எஞ்சின் ஓடினால் டேங்க் வென்ட் அடைத்திருக்கிறது. சின்ன பாகம், மாற்றிவிடுங்கள்.

மூடி திறந்தும் பயனில்லையென்றால், ஆறவிடாமல் அந்தச் சூட்டிலேயே ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் இல்லை, அரை மணி கழித்து இருக்கிறது என்றால் காயில். மலிவுக் காயில்களில் இது அடிக்கடி நடக்கும். ஆறியபின் எந்தச் சோதனை செய்தாலும் நல்லதாகவே காட்டும் என்பதால் பலர் கார்ப்பரேட்டரை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

## ஐட்லிங்கிலேயே செயின் சுற்றுகிறது

ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறையுங்கள். பெரும்பாலான மாடல்களில் 2,700–2,800 ஆர்பிஎம் போதும். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கும். கிளட்ச் பெரும்பாலும் இடமரை (வழக்கத்துக்கு எதிர்த் திசை மரை), கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். பிஸ்டனை நிறுத்த, எக்ஸாஸ்ட் துளையைப் பிஸ்டன் தாண்டி மூடியபின் பிளக் துளை வழியே கயிற்றைச் செலுத்துங்கள். துளை திறந்திருக்கையில் விட்டால் கயிறு அதில் மாட்டி ரிங் உடையும். ஸ்பிரிங்குகளைத் தனியாக மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள்.

செயின் பிரேக் அடித்தும் செயின் நிற்கவில்லையென்றால் அந்த மெஷினை ஓட்டாதீர்கள். பிரேக் பேண்ட், கைக்காப்பு, செயின் கேட்சர் ஆகியவற்றில் மாற்றுப் பாகம் வேண்டாம். ஒரிஜினல் போட்டும் நிற்கவில்லையென்றால் சர்வீஸ் சென்டர்.

## செயினுக்கு ஆயில் வரவில்லை

வெட்டிய மரத்தின் வெளிறிய முகத்துக்கு மேல் பார் முனையைக் காட்டி ரேஸ் கொடுங்கள். ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். இல்லையென்றால் பாரின் ஆயில் துளையையும் பள்ளத்தையும் கம்பியால் சுரண்டுங்கள், பாதி கேஸ்கள் அங்கேயே முடியும். அடுத்து டேங்கிலுள்ள ஆயில் ஃபில்டர், பிறகு குழாய். கடைசியாகக் கிளட்ச்சுக்குப் பின்னாலுள்ள வார்ம் கியர். பல் சிதைந்திருந்தால் மாற்றுங்கள்.

## வளைந்து அறுக்கிறது, சில்லுக்குப் பதில் தூள் வருகிறது

தூள் வந்தால் கூர் போய்விட்டது. 3/8 லோ-புரொஃபைல் செயினுக்கு (செயினின் பிட்ச், அங்குலத்தில்) 4.0 மி.மீ. வட்ட அரம், .325-க்கு 4.8, முழு 3/8-க்கு 5.2 அல்லது 5.5. மூன்று நான்கு முறை தீட்டியதும், வெட்டும் பல்லுக்கு முன்னால் நின்று வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முன் பல்லின் உயரத்தைக் கேஜ் வைத்துப் பட்டை அரத்தால் குறைக்க வேண்டும். வெட்டும் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருப்பது பெரும்பாலான செயினுக்குப் பொருந்தும். அதைவிட இறக்கினால் செயின் மரத்தைக் கடித்து உதைக்கும்.

ஒரே பக்கம் வளைந்தால் இடது, வலது பற்களின் நீளத்தை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் குட்டையாக இருந்தால் மற்றப் பக்கத்தையும் அதே அளவுக்குத் தீட்டுங்கள். பற்கள் சமமாக இருந்தும் வளைந்தால் பாரைக் கழற்றி, கண்ணாடி போன்ற சமதளத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். தானே நின்றால் விளிம்புகள் சமம். சாய்ந்தால் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கிறது, பட்டை அரத்தால் சமப்படுத்தலாம். பள்ளம் அகன்று செயின் பக்கவாட்டில் ஆடினால் பார் மாற்ற வேண்டியதுதான். ஸ்பிராக்கெட் பற்களில் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய ஸ்பிராக்கெட் புது செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.